பதினேழாம் நாள் காலை

இரண்டாவது தடவையும் முட்டைகள் பொரியாமல் போனபோது அக்கா யாரையும் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

இருபத்தொன்றாம் நாளே பொரிந்திருக்க வேண்டியவை. இருபத்து மூன்றாம் நாள்வரை பொறுத்திருந்துவிட்டு, குளியலறைத் தரையில் குந்தி ஒவ்வொரு முட்டையாக உடைத்துப் பார்த்தாள். நகம், அலகு, ஈர மயிர் எல்லாம் வந்த முழுக் குஞ்சுகள். மஞ்சள் கரு பாதி வயிற்றுக்குள் போயிருந்தது, மீதி வெளியே தொங்கியது. ஒன்று ஓட்டில் ஊசிமுனை அளவுக்குக் கொத்திவிட்டு அப்படியே செத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டுவரை நீராவி இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நின்று படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளுவாள். புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு அந்த வீடு அவளுக்கும் தம்பிக்கும் பொது. பின்னறை அவளுக்கு. முன்பக்க இரண்டு அறைகளில் தம்பியும் அவன் மனைவியும். வாசல் முற்றத்தில் தம்பியின் வெல்டிங் பட்டறை.

முட்டை பொரிக்கிற பைத்தியம் தற்செயலாக வந்ததுதான். கூட வேலை செய்கிறவள் ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை கொடுத்தாள். வீட்டில் ஓடாத ஃப்ரிட்ஜ் ஒன்று கிடந்தது. அதற்குள் நான்கு குண்டு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி, சூடு கூடினால் தானே அணைக்கிற தெர்மோஸ்டாட், அடியில் ஒரு தட்டில் தண்ணீர். முட்டை அடுக்கும் கம்பித் தட்டுகளைத் தம்பிதான் வளைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். முட்டை உருளாமல் இருக்க ஒவ்வொரு குழிக்கும் அளவெடுத்துச் செய்திருந்தான். முதல் தடவை பன்னிரண்டில் ஒன்பது பொரிந்தது. வீடே ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தது. "எங்க அக்காவுக்குக் கோழி மூளை" என்று தம்பி தெருவெல்லாம் பெருமையடித்தான். அவள் அவன் முதுகில் ஒன்று போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கடுத்த இரண்டு முறையும்தான் இப்படி ஆனது.

நான்காவது ஈட்டுக்கு நாற்பத்தைந்து முட்டை வைத்தபோது தம்பியின் மனைவி ஒரு யோசனை சொன்னாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

"எங்க கடையில தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜுல ஒரு தெர்மாமீட்டர் இருக்கு அண்ணி. அன்னைக்கு எவ்வளவு ஏறுச்சு, எவ்வளவு இறங்குச்சு, ரெண்டையும் காட்டும். பழசு ஒண்ணு சும்மா கிடக்கு. எடுத்துட்டு வர்றேன்."

அக்கா அதைக் கீழ்த்தட்டுக்குப் பின்னால் வைத்தாள். பன்னிரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் குறைந்தபட்சம் இருபத்தாறு என்று காட்டியது. முப்பத்தேழரையில் நிற்க வேண்டிய சூடு.

"இன்னைக்குக் காலையில கரண்ட் போச்சாடா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"போகலையே. நான் வேலை செஞ்சுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றான் அவன், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

தெர்மோஸ்டாட்டைத்தான் மாற்ற வேண்டும்போல என்று நினைத்து மாற்றினாள். அடுத்த நாள் இருபத்தேழு. அதற்கடுத்த நாள் சரியாக இருந்தது, அன்று தம்பி வெளியே அளவெடுக்கப் போயிருந்தான். பிறகு மறுபடி இருபத்தாறு. அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. புரிய விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

பதினேழாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு, தலைவலி என்று சொல்லிவிட்டுச் சலவைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வந்தாள்.

பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனவள், தன் அறை ஜன்னலிலிருந்து ஒரு தடித்த கறுப்பு ஒயர் வெளியே வந்து முற்றத்துப் பக்கம் போவதைப் பார்த்தாள். அறைக்குள் ஃப்ரிட்ஜின் பிளக் தரையில் கிடந்தது. அவள் பயன்படுத்திய பெரிய பாயின்ட்டில் வெல்டிங் மெஷினின் ஒயர் மாட்டியிருந்தது. பக்கத்திலேயே சின்ன பாயின்ட் சும்மா இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து உள்ளே கை வைத்தாள். பல்புகள் ஆறிப்போயிருந்தன. முட்டைகள் சில்லென்றிருந்தன.

முதலில் ஃப்ரிட்ஜின் பிளக்கைச் சின்ன பாயின்ட்டில் செருகினாள். பல்பு எரிந்தது. பிறகு அந்தத் தடித்த ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

தம்பி ஒரு பெரிய இரும்புக் கேட்டுக்கு முன்னால் குந்தியிருந்தான். முகமூடியை மேலே தூக்கினான்.

"கரண்ட் போச்சா?"

"போகல. நான்தான் பிடுங்கினேன்."

அவன் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு சிரித்தான். "ஓ, சீக்கிரம் வந்துட்டியா? பட்டறைப் பாயின்ட் எரிஞ்சுபோச்சுக்கா. ரெண்டு மாசமா ஆள் வர்றேன் வர்றேன்னு இழுக்கிறான். உன் ரூம்லதான் கனமான லைன் இருக்கு."

"ரெண்டு மாசமாவா?"

"அட, கொஞ்ச நேரம்தான. கோழிகூட எந்திரிச்சுத் தீனி திங்கப் போகுதுல்ல?"

"கோழி பதினஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்துரும். நீ நாலு மணி நேரம் கழிச்சு வர்ற. பக்கத்துல சின்ன பாயின்ட் சும்மாதான இருக்கு? அதுல மாத்திச் செருகியிருக்கலாம்ல?"

அவன் கையுறையைக் கழற்றினான். "தோணல."

"நான் ரெண்டு மணிக்கு வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிடணும்னு மட்டும் தோணுச்சா?"

அந்தக் கேள்விதான் அவனுக்குக் கோபத்தைக் கிளப்பியது. எழுந்து நின்றான். கேட்டை நாளைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்து, அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னான்.

"ஒருத்தனோட குப்பை கொட்டத் துப்பில்ல. இங்க வந்து உக்காந்துகிட்டுக் கோழிக்குஞ்சு பொரிக்கிறாளாம்."

"அச்சு அசல் அப்பா மாதிரியே பேசுற" என்றாள்.

அந்த வீட்டில் அப்பா என்றால் அடிதான். அச்சகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அதற்குப் பக்கத்து ஆணியில் ஒரு துண்டு மின்சார ஒயர் தொங்கும். அக்காவும் தம்பியும் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவில் முதுகை முட்டுக் கொடுத்து உட்காருவார்கள். ஒருமுறை தாழ்ப்பாள் பெயர்ந்து வந்தபோது, ஒன்பது வயதுத் தம்பி அக்காவின் மேல் படுத்துக்கொண்டு அத்தனை அடியையும் முதுகில் வாங்கினான். இத்தனை வருடச் சண்டைகளில் அவர்கள் ஒருவரை ஒருவர் என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தையை மட்டும் இருவரும் சொன்னதில்லை.

தம்பியின் கை வந்ததை அவள் பார்க்கவே இல்லை. கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்து, கேட்டின் மேல் சாய்ந்தாள். அவளை அவன் அடித்தது அதுதான் முதல் தடவை. "கை நீட்ட வைக்காத" என்றான். அதுவும் அப்பாவின் பேச்சுதான்.

அவள் கைக்கு எட்டிய இடத்தில் பற்றவைத்த இடத்துக் கசடைத் தட்டுகிற கூர்ச் சுத்தியல் இருந்தது. எடுத்து ஓங்கி அடித்தாள். தலைக்குத்தான் குறி வைத்தாள். அவன் குனிந்ததால் இடது தோள்பட்டையில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் "அம்மா" என்று முட்டி போட்டான். இரண்டாவது முறையும் ஓங்கினாள். இந்த முறை அவன் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்துவிட்டான். மல்லாக்க விழுந்தவளின் கூந்தலை வலது கையில் சுற்றிக்கொண்டு, முற்றத்திலிருந்து அவள் அறைவரை தரதரவென்று இழுத்துப்போனான். அவள் குதிகால்கள் சிமென்டில் தேய்ந்தன. அவள் கத்தவில்லை. கைக்குக் கிடைத்த அவன் காலையெல்லாம் பிறாண்டினாள்.

"எந்த முட்டைடீ? இந்த முட்டையா?"

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மேல்தட்டை வெளியே இழுத்தான். முதல் முட்டை சுவரில் பட்டு வெடித்தது.

பதினேழு நாள் முட்டையில் வெள்ளைக்கரு, மஞ்சள் கரு என்று அதிகம் இருக்காது. இரத்தமும் நீரும் மயிரும் சேர்ந்த ஒரு கொத்து சுவரில் ஒட்டி மெல்ல வழிந்து இறங்கியது. இரண்டாவதை எறிந்தான். மூன்றாவது, நான்காவது. ஒன்று அவள் தோளில் பட்டு உடைந்தது. அதிலிருந்து விழுந்தது தரையில் காலை இழுத்தது, வாயைத் திறந்தது, மூடியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. மேல்தட்டு காலியானதும் நடுத்தட்டை இழுத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான், மூக்கு ஒழுகியது, ஆனாலும் எறிந்துகொண்டே இருந்தான்.

அக்கா எழுந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் முட்டும்வரை கடித்தாள். அவன் முழு பலத்தோடு அவளை உதறித் தள்ளினான். அவள் பின்கதவு வழியாகப் போய், சந்தில் அடுக்கி வைத்திருந்த இரும்புத் துண்டுகளின் மேல் விழுந்தாள். அன்று காலைதான் அறுத்து வைத்த துண்டுகள், பிசிறு தட்டாத ஓரங்கள். அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழேயிருந்து மணிக்கட்டுவரை பிளந்துகொண்டது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு இரத்தம் வந்தது.

வார விடுமுறை என்பதால் தம்பியின் மனைவி அன்று வீட்டில் இருந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், பட்டறையில் சத்தம் கேட்பது வழக்கம்தானே என்று முதலில் பேசாமல் இருந்துவிட்டாள். பிறகு எட்டிப் பார்த்தாள். நனைந்த துண்டோடு படிகளில் இறங்கி ஓடி வந்தாள்.

ஆள் சிறியவள். அக்காவின் கையைத் தூக்கிப் பிடித்து, துண்டை முழங்கைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு மரக்குச்சியைச் செருகி முறுக்கினாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் வாசற்படியில் நின்றிருந்தான். இடது தோள் தொங்கிப்போயிருந்தது. வலது கையில் ஒரு முட்டை இருந்தது.

"அதை உள்ள வைங்க" என்றாள்.

அவன் திரும்பிப் போய் அந்த முட்டையைத் தட்டில், அதன் குழியில் வைத்தான்.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். தம்பியின் மனைவி நடுவில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது அவள் ஃப்ரிட்ஜ் கதவைக் காலால் தள்ளி மூடிவிட்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவசரப் பிரிவில் இளம் டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். கையைப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் அக்கா. அவள் கன்னத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தன.

"உங்களுக்கு?"

"நானும் வழுக்கித்தான்" என்றான் தம்பி.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துலயா? கையில பல் பதிஞ்சிருக்கே. தரைக்குப் பல் இருந்துச்சா?"

தம்பியின் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"இவர் அவங்களை அடிச்சார். அவங்க இவரைச் சுத்தியலால அடிச்சாங்க. இவர் தள்ளிவிட்டார், இரும்பு மேல விழுந்தாங்க. நான் கடைசியைத்தான் பாத்தேன். மிச்சத்தை அவங்ககிட்டயே கேளுங்க. ஆனா வழுக்கி விழுந்ததுன்னு மட்டும் எழுதாதீங்க."

"ஏய்" என்றான் தம்பி.

"என்ன ஏய்?" என்று அவள் திரும்பினாள்.

கையில் இரண்டு நரம்பு அறுந்திருந்தன. மூன்று மணி நேரம் தைத்தார்கள். மறுநாள் வார்டில் கண் விழித்ததும் அக்கா முதலில் தம்பி மனைவி மேல்தான் பாய்ந்தாள்.

"வீட்டு விஷயத்தை எதுக்குடி ஊர் சபைக்குக் கொண்டுபோன? அவன் உள்ள போயிட்டா உனக்கு யாரு?"

அவள் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க அம்மா கடைசியா படுத்திருந்தப்ப நான்தான் குளிப்பாட்டுவேன். முதுகுல பெரிய தழும்பு இருக்கும். என்ன அத்தை இதுன்னு கேட்டேன். கல்யாணமான புதுசுல மாடிப்படியில வழுக்கிட்டேன்னாங்க. நம்ம வீட்டுக்கு மாடிப்படி கட்டினதே நீங்க பத்தாவது படிக்கிறப்பன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று மதியம் வயதான ஏட்டு ஒருவர் வாக்குமூலம் எழுத வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். சமாதானமா போறதுன்னா இப்பவே சொல்லிடும்மா, எனக்கும் எழுதுற வேலை மிச்சம்" என்றார்.

அவள் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்க" என்றாள். "முதல்ல அவன் அறைஞ்சான். சுத்தியலை எடுத்தது நான். தலையில போடணும்னுதான் ஓங்கினேன். செத்தாலும் பரவாயில்லைன்னுதான் ஓங்கினேன். அதையும் எழுதுங்க."

"அதெல்லாம் எழுதினா உன் மேலயும் கேஸ் வரும்மா."

"வரட்டும்."

அடுத்த கட்டடத்தில் தோளில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த தம்பியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னான் என்று ஏட்டு பிற்பாடு சொன்னார். இரண்டு பேர் மேலும் வழக்குப் பதிவானது. அவளுக்கு ஜாமீன் உடனே கிடைத்தது. அவன் பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தான்.

வீட்டில் தம்பியின் மனைவி தனியாகச் சுவரைக் கழுவினாள். காய்ந்த இரத்தம் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்தது. தரையில் கிடந்தவற்றை முறத்தில் அள்ளினாள். அவளுக்கு இரண்டு முறை வாந்தி வந்தது. கீழ்த்தட்டு முழுசாக இருந்தது. நடுத்தட்டில் கொஞ்சம். மொத்தம் பதினெட்டு முட்டை. தூக்கிப் போட மனசு வரவில்லை. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் திருப்பக் கூடாது, தட்டில் தண்ணீர் கூடுதலாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் அக்கா சொல்லிக் கேட்டு ஞாபகம் இருந்தது. அப்படியே செய்தாள். குளிர்ந்து குளிர்ந்து சூடானதால் நாள் தள்ளிப்போய், இருபத்து மூன்றாம் நாள்தான் முதல் ஓடு விரிசல் விட்டது. ஏழு பொரிந்தது. ஒன்றுக்கு விரல் மடங்கியிருந்தது. மீதி பதினொன்று உள்ளேயே செத்திருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போனில் படம் காட்டினாள். அக்கா பார்த்தாள். முழுவதும் பார்க்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த ஏழுக்கா இவ்வளவும்?" என்றாள்.

"ஏழுக்காக இல்ல அண்ணி" என்றாள் அவள்.

தம்பி வெளியே வந்த நாளில் அவன் மனைவி ஜெயில் வாசலுக்குப் போயிருந்தாள். துணிப்பையை அவன் கையில் கொடுத்து, மெயின் ரோட்டில் ஒரு கொட்டகை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பட்டறையை அங்கே போட்டுக்கொள்ளலாம், பின்னால் படுக்க ஓர் அறை இருக்கிறது.

"நீ?"

"நான் அண்ணியோட இருக்கேன். அவங்களுக்கு ஒரு கை வேலைக்காகல. ஒரு வருஷம் போகட்டும், பாக்கலாம்."

"என்னை விட்டுட்டா?"

"அன்னைக்கு உங்க கையில இருந்த முட்டையை வைங்கன்னதும் வச்சீங்கல்ல, அதனாலதான் ஒரு வருஷம்ங்கறேன். இல்லேன்னா அதுவும் கிடையாது."

மூன்றாம் நாள் அவன் சாமான்களை எடுக்க வண்டியோடு வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

"வா" என்றாள் அக்கா. அவள் கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. அவனுக்குத் தோளில் பட்டை. இருவரும் இளைத்திருந்தார்கள்.

வண்டிக்காரனும் அவனும் மெஷினை ஏற்றினார்கள். ஒயர்கள், சிலிண்டர், இடுக்கிகள் எல்லாம் போயின. அக்கா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். கடைசியாக அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து, தூணில் மேலே மாட்டியிருந்த முகமூடியை எடுக்க வலது கையைத் தூக்கினான்.

அவள் உடம்பு தானாகச் சுருங்கியது. கட்டுப் போட்ட கை முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தமும் வந்தது.

தூக்கிய கையை அவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். இறக்கினால் அதற்கும் அவள் பயப்படுவாளோ என்று பயந்தவன் போல நின்றான். பிறகு இரண்டடி பின்னால் போய், மெதுவாகக் கீழே விட்டான்.

"நீயே எடுத்துக் குடுக்கா" என்றான்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒற்றைக் கைப் பிடி நழுவி முகமூடி கீழே விழுந்தது. அவனே குனிந்து பொறுக்கிக்கொண்டான்.

"சின்ன பாயின்ட்ல மாத்தியிருக்கலாம்" என்றான், தரையைப் பார்த்தபடி. "ரெண்டு நிமிஷ வேலை. ஜெயில்ல தினமும் அதைத்தான் நினைச்சேன்."

"தலையில படாம குனிஞ்சியே, அதைத்தான் நான் நினைச்சேன்" என்றாள் அவள்.

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவன் போய் ஏறிக்கொண்டான். வண்டி தெரு முனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு தம்பி மனைவி வந்து தோளைத் தொட்டபோது மறுபடியும் துள்ளி விழுந்தாள்.

"நான்தான் அண்ணி."

"தெரியுது" என்றாள் அக்கா. "தெரியுது. ஆனாலும் குலை நடுங்குது."

இருவரும் முற்றத்தைக் கூட்ட ஆரம்பித்தார்கள். இரும்புத் தூள் மூலை முடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் வரவில்லை.